மேடையில் தன்னை அறிவித்தல்: சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்வும் நடிகரின் தன்விளம்பரமும்

முன்னுரை

கலைஞன் தன்னைப் புரப்போர் கண்ணில் படுவதற்குச் செய்யும் முயற்சி தமிழில் இலக்கிய வகையாகவே வளர்ந்த ஒன்று. ஆற்றுப்படை நூல்களில் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ வழியில் எதிர்ப்படும் வறியவனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துகிறான். கலைஞனின் தகுதியை அங்கே இன்னொரு கலைஞன் எடுத்துரைக்கிறான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி அவையறிய ஆடிக் காட்டித் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அங்கே தகுதியை வழங்குவது அரசவை. வள்ளலும் அரசவையும் மறைந்து, நுழைவுச்சீட்டு வாங்கிய மக்களும் நாடகத்தைக் குத்தகைக்கு எடுக்கும் கண்டிராக்டரும் கம்பெனி முதலாளியும் நடிகனின் வாழ்வைத் தீர்மானிக்கத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நடிகன் தன் தகுதியைத் தானே எடுத்துரைக்க வேண்டியவனானான். அதை எவ்வாறு செய்தான் என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வாழ்வை மறுவாசிப்புச் செய்தல் வேண்டும்.

சுவாமிகளின் வரலாறு பெரும்பாலும் ஒரு துறவியின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர், புகழ் நாடாதவர், தமக்கென ஒன்றும் சேர்க்காதவர் என்னும் சித்திரம் அவருடைய மாணவர்களால் வரையப்பட்டு ஆய்வாளர்களாலும் பெரிதும் ஏற்கப்பட்டது. அச்சித்திரம் பொய்யன்று. ஆயினும் தம்மை அறிவித்துக்கொள்ள விரும்பாத இம்மனிதரின் பாடங்களே, பின்வந்த நடிகர்கள் தம்மை அறிவித்துக்கொள்ளும் முதன்மையான கருவியாயின. இம்முரணை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கும் அதனைக் கட்டுப்படுத்த முயன்றார் என்பதற்கும் அவருடைய பிற்கால வாழ்க்கையே சான்று.

உப்புக் கணக்கிலிருந்து ஒப்பனைக்கு

சுவாமிகள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தை தாமோதரன் இராமாயணத்தில் தோய்ந்தவர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. பின்னர்ச் சங்கரன் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். வண்ணப் பாடல்களில் நிகரற்றவராக விளங்கிய அவ்வாசிரியரிடம் உடன் பயின்றவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். இருவருமே நாடகத்துக்கு வந்தனர் என்பது தற்செயலாக இருக்க இயலாது. சந்தத்தை எண்ணிக் கற்றவர்க்கு மேடைப்பாட்டு எளிதில் வசப்படும்.

இளமையில் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணிபுரிந்தார். உப்பு அன்று அரசின் தனியுரிமைப் பொருள். அளத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு உண்டு. மாதந்தோறும் ஊதியம் தரும் அப்பணியைத் துறந்து தம் 24ஆம் வயதில், 1891 அளவில், அவர் நாடகத்துள் புகுந்தார்.

இவ்விடத்தில் தூத்துக்குடியின் இயல்பு குறித்துச் சில சொற்கள் கூறுதல் தகும். 1870களின் இடைப்பகுதியில் இருப்புப்பாதை இத்துறைமுகத்தை எட்டியது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கப்படும் வரை தொடருந்தில் வந்து கப்பலேறிக் கொழும்பு செல்வோர்க்குத் தூத்துக்குடியே வாயில். முத்துக்குளிப்பு, உப்பு, பஞ்சு ஆகியவற்றின் வணிகத்தால் பணம் புழங்கிய ஊர் அது. நாடகக் குழுக்களுக்கு இலங்கைத் தமிழரிடையே பெரும் வரவேற்பு இருந்தமையால், அக்கரைக்குச் செல்லும் கலைஞர்கள் கடக்க வேண்டிய ஊராகவும் இருந்தது. தெற்கே தாமிரவருணி கடலோடு கலக்கும் பகுதியில் ஆத்தூர், அதற்கும் தெற்கே வள்ளி குகையுடன் திருச்செந்தூர் எனத் தொடரும் இக்கரைக்கு வள்ளி கதை அயலானதன்று. சுவாமிகளின் நாடகங்களுள் இன்றளவும் மிகுதியாக ஆடப்படுவது வள்ளி திருமணமே.

அதே 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார் என்பதும் இணைத்து நோக்கத்தக்கது. அச்சபையின் உறுப்பினர் பலர் கற்றோர். வேறு தொழிலால் வாழ்ந்தோர். நடிப்பு அவர்களுக்குப் பொழுதுபோக்கு. எனவே எவரிடமும் வாய்ப்புக் கேட்க வேண்டிய நிலை இல்லை. சங்கரன் புகுந்த உலகம் வேறு. கூத்தாடி என்னும் இழிபெயரைத் தாங்கிய தொழில்முறை நடிகனுக்கு அடுத்த ஆட்டம் கிடைப்பதே உணவு. இவ்விரு மரபுகளையும் நாடக மறுமலர்ச்சி என்னும் ஒரே தலைப்பில் அடக்கி எழுதுவது வழக்கமாகிவிட்டது. நடிகன் தன்னை விற்றாக வேண்டும் என்னும் நெருக்கடி இரண்டாம் மரபுக்கே உரியது என்பதை அவ்வழக்கம் மறைத்துவிடுகிறது.

வேடம் துறந்தமை

இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் குழுவில் சங்கரன் நடிகராகவும் பாடம் எழுதுபவராகவும் சேர்ந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்கள் அவருக்குரியன ஆயின. அச்சந்தரும் தோற்றமும் முழங்கும் குரலும் வேண்டும் வேடங்கள் இவை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை குரல் எட்டுவது நடிகனின் முதல் தகுதி. அக்குரல் அவரிடம் இருந்தது.

அவர் நடிப்பைக் கைவிட்டமைக்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. நளன் நாடகத்தில் சனீசுவரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் ஒப்பனையைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றபோது, எதிர்ப்பட்ட கருவுற்ற பெண் அத்தோற்றத்தைக் கண்டு அஞ்சிக் கருவிழந்தாள் என்பது ஒன்று. சாவித்திரி நாடகத்தில் எமனாகத் தோன்றி ஆவேசத்துடன் நடித்தபோது, எதிரே நடித்தவர் மயங்கி வீழ்ந்தார் என்பது மற்றொன்று. இரண்டும் அவருடைய மாணவர் வட்டத்தின் வழியே பரவியவை. விவரங்கள் சொல்வோர்க்கேற்ப மாறுகின்றன. இவற்றை நிகழ்ச்சிகளாகக் கொள்வதினும் நடிகர் உலகின் பாராட்டு மொழியாகக் கொள்வது பொருந்தும். ஒரு நடிகனின் ஆற்றலை இதனினும் உயர்த்திச் சொல்ல இயலாது. நாடக உலகம் தன் ஆசிரியருக்குக் கொடுத்த மிகப்பெரிய விளம்பரம், அவர் நடிப்பதை நிறுத்திய கதையாகவே அமைந்தது.

வேடம் துறந்தவர் மேடையைத் துறக்கவில்லை. சாமி நாயுடு குழுவில் ஆசிரியராகவும் சூத்திரதாரியாகவும் இருந்தார். பிறகு தீர்த்த யாத்திரை, துறவு. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகன்போல் ஏற்றுத் தம்முடன் இருத்திக்கொண்டார். தண்டபாணி சுவாமிகளிடம் கற்ற வண்ணத்தின் இலக்கணம் இங்கே தாளத்தின் நடைமுறையோடு இணைந்தது. அவருடைய பாடல்களில் ஓசைக் கணக்கு சிறிதும் பிசகாமல் ஓடுவதற்கு இவ்விரண்டு ஆசிரியர்களையும் சேர்த்தே காரணமாகக் காட்டவேண்டும்.

பொதுப்பாடமும் தனித்திறமும்

மீண்டும் நாடகத்துக்குத் திரும்பிய சுவாமிகள் வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர், பி. எஸ். வேலு நாயர் ஆகியோரின் குழுக்களில் ஆசிரியராக விளங்கினார். இப்பெயர்களே ஒரு செய்தி கூறுகின்றன. ஒருவர் பெயருக்கு முன் வள்ளி. மற்றொருவர் பெயருக்கு முன் அல்லி. நாடகமே பெயரின் முன்னொட்டாகி நடிகருக்கு முகவரி ஆகிறது. பிற்காலத்தில் நவாப் இராஜமாணிக்கமும் அவ்வை சண்முகமும் தாம் ஏற்ற வேடங்களால் பெயர் பெற்றது இம்மரபின் தொடர்ச்சி.

தெருக்கூத்தில் பாத்திரம் திரைக்குப் பின்னிருந்தே விருத்தம் பாடித் தன் வருகையை அறிவிக்கும். குலமும் நாடும் ஆற்றலும் அதில் சொல்லப்படும். அங்கே அறிவிக்கப்படுவது பாத்திரம். சுவாமிகள் காலத்து மேடையில் இவ்வமைப்பு தொடர்ந்தது; ஆனால் அதன் பயன் மாறியது. ஆர்மோனியம் சுருதி கூட்ட, இராஜபார்ட் நடிகர் உச்சக் குரலில் பாடிக்கொண்டே நுழையும்போது, அவையோர் முருகனைக் காணும் முன் பாடுபவர் யார் என்று கேட்டனர். எத்தனை கட்டைச் சுருதியில் பாடுகிறார், எத்தனை சங்கதி போடுகிறார் என்று எண்ணினர். பாத்திரத்தின் அறிமுகம் நடிகரின் அறிமுகமாயிற்று.

தர்க்கம் இதனினும் முக்கியம். வள்ளியும் வேடனாக வந்த முருகனும், அல்லியும் அர்ச்சுனனும், பவளக்கொடியும் அர்ச்சுனனும் எதிரெதிர் நின்று வினாவும் விடையுமாக மோதும் பகுதிகள் சுவாமிகளின் நாடகங்களில் உயிர்நாடி. தத்துவம், இலக்கணம், புராணம், நையாண்டி எல்லாம் அதில் இடம்பெறும். கதைப்போக்கு அங்கே நின்றுவிடுகிறது என்று குறைகூறுவோர் உண்டு. நாடக இலக்கியம் என்னும் நோக்கில் அக்குறை நியாயமானதே. ஆனால் தர்க்கம் நடிகனுக்காகத் திறந்துவைக்கப்பட்ட இடம். எழுதியதைச் சொல்லி முடித்த பிறகு கற்றவன் தன் கல்வியையும், குரலுள்ளவன் குரலையும், நாவன்மை உடையவன் நகைச்சுவையையும் சேர்க்கலாம். எதிரே நிற்பவரைத் திணறடித்தால் மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு.

ஸ்பெஷல் நாடகம் என வழங்கும் முறையோடு இதனைப் பொருத்தினால் இதன் விளைவு விளங்கும். அம்முறையில் நிலையான குழு இல்லை. இராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் பபூனும் பின்பாட்டுக்காரரும் இன்னும் வேறு ஊர்களிலிருந்தும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுவர். ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பர். ஆயினும் விடியும் வரை நாடகம் தடையின்றி நடக்கும். அனைவர்க்கும் பொதுவான பாடம் இருந்தால் மட்டுமே இது கைகூடும். அப்பொதுப்பாடத்தை வழங்கியவர் சுவாமிகள். நடிகன் கம்பெனி முதலாளியைச் சாராமல் தன் பெயரை மட்டுமே முதலாகக் கொண்டு ஊர் ஊராகச் செல்ல வழிவகுத்தது இதுவே.

பொதுப்பாடத்துக்கு மற்றொரு பயனும் உண்டு. அது அளவுகோல். இருவர் வெவ்வேறு நாடகங்களில் நடித்தால் அவர்களை ஒப்பிடுவது கடினம். இருவரும் ஒரே பாடலைப் பாடும்போது யார் மேலானவர் என்பதைச் சிறுவரும் சொல்லிவிடுவர். நாடகத்தை ஏற்பாடு செய்பவர், கண்டிராக்டர், கோயில் விழாக் குழுவினர் ஆகியோர்க்குத் தனியே தேர்வு வைக்க வேண்டிய தேவை இல்லாது போயிற்று. ஒவ்வோர் இரவும் தேர்வு. வினாத்தாள் சுவாமிகள் எழுதியது. சுவாமிகளின் நாடகங்களை இலக்கியப் படைப்பாக மதிப்பிட்டு ஏமாற்றம் அடையும் ஆய்வுகள் இப்பயனைக் கருதுவதில்லை.

இத்தேர்வு திரைப்படக் காலத்திலும் தொடர்ந்தது. 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய பவளக்கொடி படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் அறிமுகமாயினர். மேடையில் இவ்விணை பவளக்கொடி நாடகத்தில் பெற்றிருந்த புகழே அவர்களைப் படத்துக்குக் கொண்டுவந்தது. தயாரிப்பாளரின் கவனத்தைப் பெற அவர்கள் மேடையில் பாடியதே போதுமானதாயிற்று. எஸ். ஜி. கிட்டப்பா – கே. பி. சுந்தராம்பாள் இணையின் புகழுக்கும் வள்ளி திருமணம் பெருங்காரணம். சுந்தராம்பாள் சிறுமியாக இரயிலில் பாடியபோதே நாடக உலகின் செவிக்கு எட்டினார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. அச்செவிப் புகழை நிலைபெறச் செய்ய ஒரு பாடம் வேண்டியிருந்தது. அவர் சேர்ந்த வேலு நாயர் குழுவில் வழங்கியது சுவாமிகளின் பாட மரபே.

சிறுவர் குழு என்னும் மாற்று

தாம் திறந்துவைத்த இடம் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பதைச் சுவாமிகள் நேரில் கண்டார். வளர்ந்த நடிகர்கள் எழுதப்பட்ட பாடத்தைச் சுருக்கித் தம் சொந்தச் சரக்கை நீட்டினர். கைதட்டலுக்காகக் கதைக்குப் பொருந்தாத பாடல்களைப் புகுத்தினர். தர்க்கம் தனிப்பட்ட வசையாக இறங்கிய இரவுகளும் உண்டு. கட்டுப்பாடின்மை, குடி, ஒப்புக்கொண்ட ஆட்டத்துக்கு வாராமை ஆகியவை அக்கால நாடக உலகைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் புகார்கள்.

சுவாமிகள் கண்ட மாற்று சிறுவர் குழு. 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தோற்றுவித்தார், எஸ். ஜி. கிட்டப்பாவும் மாரியப்ப சுவாமிகளும் அதிலிருந்து வந்தோர். பிறகு ஜெகந்நாத ஐயரின் பால மீன ரஞ்சனி சங்கீத சபையில் ஆசிரியராக இருந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அமைந்தது. பெண் வேடத்தில் பெயர்பெற்ற டி. எஸ். கண்ணுசாமிப் பிள்ளையின் மைந்தர்களான டி. கே. எஸ். சகோதரர்கள் இச்சபையில் சேர்ந்தனர்.

சிறுவர்களுக்குப் பாடம் வரிக்கு வரி மனனம். உணவு, உறைவிடம், உறக்கம் எல்லாம் குழுவின் பொறுப்பு. சொந்தச் சரக்கைச் சேர்க்கும் வயது அவர்களுக்கு இல்லை. தன்னை விளம்பரப்படுத்தத் தெரியாதவர்களைக் கொண்டு நாடகம் நடத்துவதே இவ்வமைப்பின் உள்நோக்கம் எனக் கருத இடமுண்டு. ஆசிரியரின் சொல் சிதையாமல் அவையோரைச் சென்றடைந்தது. அந்த அளவில் சுவாமிகளின் முயற்சி வென்றது.

ஆயினும் இதற்கு ஒரு விலை இருந்தது. அதைச் சிறுவர்களே கொடுத்தனர். அவர்களின் வருவாய்க்கு அடிப்படை பிள்ளைக் குரல். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும், நேற்றுவரை கதாநாயகனாகவோ நாயகியாகவோ நின்றவன் இன்று துணை வேடத்துக்கு இறங்கினான், அல்லது வீடு திரும்பினான். கல்வியும் வேறு தொழிலும் அவனுக்குப் பழக்கப்படவில்லை. ஒப்பந்தம் பெற்றோருக்கும் முதலாளிக்கும் இடையிலானது. அதில் அவனுக்குக் குரல் இல்லை. துறவியான ஆசிரியரின் நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. எனினும் பாய்ஸ் கம்பெனி முறையைக் குருகுலம் என்று மட்டுமே போற்றும் எழுத்துகள் இவ்விழப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

சிறுவர் குழுவும் தனி நடிகரின் புகழிலிருந்து தப்பவில்லை. சுவாமிகள் சிறுவன் சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதைச் சண்முகமே பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். இச்செய்தி சுவாமிகளின் விரைவுக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. அதில் வேறொரு செய்தியும் அடங்கியுள்ளது. ஒரு சிறுவனின் திறமையை அவைக்குக் காட்டுவதற்கென்றே ஒரு முழு நாடகம் பிறந்தது. தன்னை அறிவிக்கத் தெரியாத சிறுவனை ஆசிரியரே அறிவித்தார். ஆற்றுப்படையில் மூத்த கலைஞன் இளையவனுக்குச் செய்த பணியைச் சுவாமிகள் நாடக வடிவில் செய்தார் எனலாம்.

அச்சில் ஏறிய பெயர்கள்

நாடகம் ஊருக்கு வருவதை அறிவித்தவை நோட்டீசுகள். மாட்டுவண்டியில் மேளம் கொட்டித் தெருத்தெருவாக அவற்றை வழங்குவர். தொடக்கத்தில் எழுத்தே நிறைந்த தாள்களாக இருந்தன. பிறகு நடிகர்களின் படங்கள் இடம்பெற்றன. ஊர்ப்பெயர், பட்டம், நடிகர் பெயர், ஏற்கும் வேடம் என்னும் வரிசை ஏறத்தாழ மரபாகவே நிலைத்துவிட்டது. பெயர் எந்த அளவு எழுத்தில், எந்த இடத்தில் அச்சாகிறது என்பது மதிப்பைக் காட்டும் குறியாதலின், அது பூசலுக்கும் காரணமாவதுண்டு. நாடகம் எதுவென்பதைக் காட்டிலும் நடிப்போர் யாரென்பதே நோட்டீசில் பேசப்பட்டது. கதையை ஊர் முன்பே அறியும்.

இத்தகைய தாளில் ஆசிரியர்க்கு இடம் குறைவு. சுவாமிகள் எழுதிய நாடகங்கள் ஏறத்தாழ 40 என்பர்; அதனினும் மிகுதி என்போரும் உளர். அச்சில் கிடைப்பவை அவற்றுள் ஒரு பகுதியே. பாடம் நடிகர்களின் நினைவில் வாழ்ந்தது. நினைவில் வாழ்ந்தமையால் மாறியது. எது சுவாமிகள் எழுதியது, எது பின்வந்தோர் சேர்த்தது எனப் பிரிக்க முற்படும் பதிப்பாசிரியர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இங்கிருந்தே தோன்றுகிறது. பாடவேறுபாடுகளைப் பிழை என்று ஒதுக்காமல், எந்த நடிகர் எந்த இடத்தில் தம்மைக் காட்டிக்கொள்ள முனைந்தார் என்பதன் தடமாக அவற்றைப் படிப்பது பயன்தரும். பாடம் அதிகம் பெருகியிருக்கும் இடங்கள் நுழைவுப் பாடலும் தர்க்கமுமே என்பது இவ்வகை வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது.

இறுதி நாட்கள்

இறுதிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. பேசும் ஆற்றலை இழந்தார். குரலால் மேடைக்கு வந்தவர். குரலுள்ளோர்க்கெல்லாம் பாட்டுக் கொடுத்தவர். அந்நிலையிலும் குழுவை விட்டு அகலாமல் அதனுடனேயே ஊர் ஊராகச் சென்றார். குழு புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் காலமானார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மாணவர்கள் சிதறினர். கிட்டப்பா கன்னையா குழுவில் புகழின் உச்சியை எட்டி, 1933இல் இளமையிலேயே மறைந்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் தம் சொந்தக் குழுவான மதுரை பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினர். அங்கு நகைச்சுவை நடிகராக வளர்ந்தவர் என். எஸ். கிருஷ்ணன். ஆசிரியரின் பெயரை எழுத்தாலும் பேச்சாலும் நிலைநிறுத்தியதில் சண்முகத்தின் பங்கு பெரிது. வாழ்நாளெல்லாம் தம்மை அறிவித்துக்கொள்ளாதவரை அறிவிக்கும் பணி மாணவரிடம் வந்து சேர்ந்தது.

மதுரையில் 1920களில் தோன்றிய நாடக நடிகர் சங்கம் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் தொழில்மையமாக வளர்ந்தது. கோயில் விழாவுக்கு நாடகம் வைக்க விரும்பும் ஊரார் அங்குள்ள ஏற்பாட்டாளர்களை நாடிவந்து நோட்டீசுகளைப் பார்த்துக் கலைஞர்களை அமர்த்துவர். நடிகர்கள் சுவாமிகளின் படத்துக்கு மாலையிட்டு ஆண்டுதோறும் குருபூசை நடத்துகின்றனர். 2019இல் சென்னையிலுள்ள தென்னிந்திய நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணி அவர் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டு வாக்குக் கேட்டது. அந்த அணியினருள் அவருடைய நாடகம் ஒன்றையேனும் மேடையில் ஆடியவர் எத்தனை பேர் என்னும் வினா எவராலும் எழுப்பப்படவில்லை.